ஊருக்குள்ள எந்த ஏரியாவுல வாழ்க்கை எப்படி இருக்குன்னு அளக்குறது எப்படி: திருச்சியோட 65 வார்டை வச்சு ஒரு வழிகாட்டி

ஊருக்கு ஊர் ரேங்க் போடுறாங்க, அது தெரியும். மத்திய அரசு போட்ட ஈஸ் ஆஃப் லிவிங் இண்டெக்ஸ் 2018ல 111 ஊரை வரிசைப்படுத்தி புனேவை முதல்ல வச்சுது, அடுத்த தடவை 10 லட்சத்துக்கு மேல ஜனம் இருக்குற ஊர்கள்ல பெங்களூரு முதல்ல வந்துச்சு. அதுல ஊர் முழுசுக்கும் ஒரே ஒரு மார்க்குதான். திருச்சின்னு எடுத்துக்கிட்டா 2011 சென்சஸ்படியே 9 லட்சத்துக்கு மேல ஜனம், 167 சதுர கிலோமீட்டர், 65 வார்டு. தில்லைநகர் கிராஸ்ல மாடி வீட்டுல இருக்குறவங்களுக்கும் அரியமங்கலம் குப்பைக்கிடங்கு பக்கத்துல ஷீட்டு வீட்டுல இருக்குறவங்களுக்கும் அந்த ஒரே மார்க்குதான்னா அதை வச்சு எந்தத் தெருவுல எதை முதல்ல சரி பண்றதுன்னு யாராலயும் முடிவு பண்ண முடியாது. அதனால ஊருக்குள்ளயே வார்டு வார்டா, முடிஞ்சா தெருத் தெருவா அளக்கணும். காலேஜ் என்எஸ்எஸ் டீம், குடியிருப்போர் நலச்சங்கம், சோசியாலஜி படிக்கிற பசங்க, ஆர்வம் இருக்குற நாலு பேர், யார் வேணா பண்ணலாம். பணம் ரொம்ப ஆகாது, பொறுமைதான் வேணும். உதாரணத்துக்கு திருச்சியை எடுத்துக்குறேன், சேலம், நெல்லை, வேலூர் ஆளுங்க அவங்க ஊர்ப் பேரைப் போட்டுக்கலாம்.

எதை அளக்குறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

இங்கதான் நிறைய பேர் 60, 70 குறியீடுன்னு பெரிய லிஸ்ட் போட்டு உக்காந்துடுவாங்க, ரோடு எத்தனை கிலோமீட்டர், பள்ளிக்கூடம் எத்தனை, பார்க்கு எத்தனைன்னு. அதெல்லாம் என்ன கட்டியிருக்குன்னுதான் சொல்லும், அங்க இருக்குறவங்க எப்படி வாழுறாங்கன்னு சொல்லாது. என்னைக் கேட்டா முதல் குறியீடு நேரம். ஒரு குடும்பத்துக்கு அடிப்படைத் தேவைக்காக ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் போகுது? தண்ணி பிடிக்க, கக்கூஸ் க்யூவுல நிக்க, பஸ்ஸுக்குக் காத்திருக்க, ரேஷன் கடையில நிக்க, ஆஸ்பத்திரியில ஓபி சீட்டு போட்டு டாக்டரைப் பாக்க. இது எல்லாத்தையும் நிமிஷத்துல கொண்டு வந்துட்டா வேற வேற விஷயத்தை ஒண்ணாக் கூட்ட முடியும், யாருக்கும் புள்ளியியல் பாடம் நடத்த வேண்டியதில்ல, கவுன்சிலர்ல இருந்து கமிஷனர் வரைக்கும் கேட்ட உடனே புரியும்.

கணக்கு எப்படின்னு ஒரு வீட்டை வச்சுச் சொல்றேன், இது நான் கற்பனையாப் போடுற கணக்கு. தெருக்குழாய்ல தண்ணி பிடிக்க தினம் 40 நிமிஷம். பொதுக் கழிப்பறைக்கு நடந்து போய் நின்னு திரும்ப 20 நிமிஷம். பஸ்ஸுக்குக் காத்திருக்க 25 நிமிஷம். ரேஷன் கடைக்கு மாசம் ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம், அப்ப மாசம் 180 நிமிஷம், 30ஆல வகுத்தா நாளைக்கு 6. மாசம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு 4 மணி நேரம், அதாவது 240 நிமிஷம், நாளைக்கு 8. மொத்தம் 99 நிமிஷம். வீட்டுக்குள்ளயே போர், கக்கூஸ், வாசல்ல டூவீலர்னு இருக்குற குடும்பத்துக்கு இதே கணக்கு 10 நிமிஷத்துல முடிஞ்சிரும். ஒரே ஊர்ல ரெண்டு வீட்டுக்கு நடுவுல தினம் ஒன்றரை மணி நேர வித்தியாசம், வருஷத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

அந்த நிமிஷம் வீட்டுல யாரோட நிமிஷம்னும் தனியா எழுதுங்க, இதை விட்டுடவே கூடாது. 2019 தேசிய டைம் யூஸ் சர்வேல சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யிற பொம்பளைங்களுக்கு நாளைக்கு 299 நிமிஷம், ஆம்பளைங்களுக்கு 97 நிமிஷம்னு வந்துச்சு. தண்ணி, ரேஷன், புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறது எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள் தலையிலதான் விழுது. "குடும்பத்துக்கு 99 நிமிஷம்"னு மட்டும் எழுதினா அது அஞ்சு பேரு பங்கு போட்டுக்குறாங்கன்னு படிக்கிறவங்க நினைச்சுக்குவாங்க.

திருச்சியில பஸ் விஷயத்துல இன்னொண்ணு கவனிக்கணும், இங்க தனியார் டவுன் பஸ் நிறைய. பொம்பளைங்களுக்கு 2021ல இருந்து இலவசம்னு இருக்குறது அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல மட்டும்தான். அதனால "ஸ்டாப்புக்கு எத்தனை நிமிஷத்துக்கு ஒரு பஸ் வருது"ன்னு மட்டும் எண்ணினா சத்திரம் பஸ் ஸ்டாண்டு ரூட்டெல்லாம் பிரமாதமாத் தெரியும், ஆனா வீட்டு வேலைக்குப் போற அக்காங்க மூணு பஸ்ஸை விட்டுட்டு இலவச பஸ்ஸுக்காக நிப்பாங்க. ரெண்டையும் தனித்தனியா எண்ணுங்க: எந்த பஸ்ஸா இருந்தாலும் எத்தனை நிமிஷம், இலவச பஸ்ஸுக்கு எத்தனை நிமிஷம். ஒரு ஸ்டாப்புல காலையில 7ல இருந்து 9 வரைக்கும் ஒருத்தர் நோட்டோட உக்காந்தாப் போதும், ரெண்டும் வந்துரும். அப்புறம் 2025ல பஞ்சப்பூர் பஸ் முனையம் திறந்தப்புறம் வெளியூர் போறதுக்கான தூரம் வார்டுக்கு வார்டு மாறிடுச்சு, எடமலைப்பட்டிபுதூர்க்காரங்களுக்குப் பக்கம், ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்குத் தூரம். பழைய சர்வேல இருந்து பயண நேரத்தை எடுத்துப் போட்றாதீங்க.

நிமிஷத்துல அடங்காததும் இருக்கு. நாத்தம், புகை, சத்தம், சூடு, பயம். இதுக்கு வேற வழி, கீழ சொல்றேன்.

ஏற்கெனவே இருக்குற டேட்டா, அதுல இருக்குற குழி

சென்சஸ்ல வார்டு அளவுல வீட்டுப் பட்டியல் டேட்டா இருக்கு, கூரை என்ன, தண்ணி எங்க இருந்து, கக்கூஸ் வீட்டுக்குள்ளயா, சாக்கடை மூடினதா திறந்ததா எல்லாம் சதவீதத்துல வரும். சிக்கல் என்னன்னா அது 2011. அதுக்கப்புறம் வார்டு எல்லை மாறிடுச்சு, 2022 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னாடி மறுவரையறை நடந்துச்சு, அதனால அன்னைக்கு இருந்த வார்டு நம்பரும் இன்னைக்கு இருக்குற வார்டு நம்பரும் ஒண்ணு இல்ல. நம்பரைப் பாத்து நேரா ஒட்டினீங்கன்னா வேற ஏரியாவோட கக்கூஸ் கணக்கை இந்த ஏரியாவுக்கு எழுதிடுவீங்க. பழைய மேப்பையும் புது மேப்பையும் க்யூஜிஐஎஸ்ங்குற மேப் சாப்ட்வேர்ல ஒண்ணு மேல ஒண்ணு போட்டு எவ்வளவு பரப்பு பொருந்துதுன்னு பாருங்க, 80 சதவீதத்துக்கு மேல பொருந்தினா எடுத்துக்கலாம், இல்லைன்னா விட்டுடுங்க. அந்த 80ங்குறது நான் வச்சுக்கிற அளவு, நீங்க 90 வச்சுக்கிட்டாலும் நல்லதுதான். அடுத்த சென்சஸோட கணக்கெடுப்புத் தேதி 2027 மார்ச் 1, அந்த வார்டு டேட்டா வெளிவந்தா இந்தப் பாடு குறையும்.

தேசிய குடும்பநல சர்வே நல்ல சர்வேதான், ஆனா அது மாவட்ட அளவுக்கு மேல பிரியாது. திருச்சி மாவட்டம்னா அதுல மணப்பாறையும் துறையூரும் முசிறியும் சேந்துதான் வரும், வார்டுக்கு உதவாது.

பிறப்பு இறப்பு பதிவு மாநகராட்சியில இருக்கு, அதை வச்சு வார்டு வாரியா குழந்தை இறப்பு கணக்குப் போடலாம்னு தோணும். 1969 சட்டப்படி பிறப்பும் இறப்பும் எங்க நடந்துச்சோ அங்கதான் பதிவாகும், வீடு இருக்குற இடத்துல இல்ல. புத்தூர்ல மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கு, சுத்துப்பட்டு மாவட்டத்துல இருந்தெல்லாம் சீரியஸ் கேஸு அங்கதான் வருது, அப்ப அந்த ஆஸ்பத்திரி இருக்குற வார்டு ஊர்லயே மோசமான வார்டு மாதிரி தெரியும். பதிவுல நிரந்தர முகவரின்னு ஒரு கட்டம் இருக்கும், அதைப் பாத்து வீட்டு வார்டுக்கு மாத்தினாத்தான் அந்த டேட்டாவுக்கு அர்த்தம். முகவரியைத் தனித்தனியாக் குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாது, அதனால தகவல் உரிமைச் சட்டத்துல கேக்குறப்பவே "நிரந்தர முகவரி வார்டு வாரியா எண்ணிக்கை மட்டும்"னு தெளிவா எழுதுங்க. 10 ரூபா கட்டணம், 30 நாள்ல பதில் வரணும்.

போலீஸ் டேட்டாவும் அப்படித்தான். ஸ்டேஷன் எல்லையும் வார்டு எல்லையும் ஒத்துப்போகாது. அதோட எஃப்ஐஆர் அதிகமா இருக்குற இடத்துல குற்றம் அதிகம்னு சொல்லவும் முடியாது, ஸ்டேஷனுக்குப் போனா நம்ம பேச்சைக் கேப்பாங்கன்னு நம்பிக்கை இருக்குற ஏரியாவுலதான் புகாரு அதிகமா வரும்.

நடந்து போய்ப் பாக்கணும்

இதுக்கு ஈடு கிடையாது. ஒவ்வொரு வார்டுலயும் தெருவோட மேப்பை ஓபன் ஸ்ட்ரீட் மேப்ல இருந்து எடுத்து பிரிண்ட் போட்டுக்கிட்டு, காலையில ஒரு தடவை, ராத்திரி 8 மணிக்கு ஒரு தடவை நடங்க. காலையில பாக்க வேண்டியது குப்பை வண்டி வந்துச்சா, சாக்கடை ஓடுதா நிக்குதா, நடைபாதையில வயசானவங்க நடக்க முடியுமா, தள்ளுவண்டியில புள்ளைய வச்சு ஒரு அம்மா போக முடியுமா. ராத்திரியில பாக்க வேண்டியது லைட்டு. மொத்தக் கம்பம் எத்தனை, எரியிறது எத்தனைன்னு எண்ணுறதோட நிறுத்தாம, தொடர்ந்து 50 மீட்டருக்கு மேல இருட்டா இருக்குற நீளம் எங்கெல்லாம் இருக்குன்னு மேப்புல கோடு போடுங்க, ஏன்னா 90 சதவீத லைட்டு எரிஞ்சாலும் எரியாத பத்தும் ஒரே சந்துல இருந்தா அந்தச் சந்துல பொண்ணுங்க நடக்க மாட்டாங்க. அந்த வார்டுலயே இருக்குற பொம்பளைங்க நாலஞ்சு பேரோட நடக்குறது ரொம்ப முக்கியம், எந்த இடத்துல வேகமா நடக்குறாங்க, எந்த இடத்துல சுத்திக்கிட்டுப் போறாங்கன்னு பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சுரும், மைல்கல் மாதிரி இருக்குற ஒரு டாஸ்மாக்கோ இருட்டு சப்வேயோ எவ்வளவு தூரத்துக்கு தெருவையே மாத்திடுதுன்னு மேப்ல தெரியாது.

தூரத்தை நேர்க்கோட்டுல அளக்காதீங்க. பஸ் ஸ்டாப்பு 500 மீட்டர்குள்ள இருக்கணும்னு ஐநா நிலைத்த வளர்ச்சி இலக்குல ஒரு அளவு இருக்கு, தமிழ்நாட்டுல ஆரம்பப் பள்ளி 1 கிலோமீட்டர்குள்ள இருக்கணும்னு கல்வி உரிமை விதி சொல்லுது. மேப்ல வட்டம் போட்டா எல்லா வீடும் உள்ள வந்துரும். ஆனா பொன்மலை, செந்தண்ணீர்புரம் பக்கம் ரயில் தண்டவாளம் குறுக்க போகுது, சஞ்சீவி நகர் பக்கம் பைபாஸைத் தாண்டணும், நேர்க்கோட்டுல 300 மீட்டர் இருக்குறது நடந்து போனா பல மடங்கு ஆகுது, இல்லைன்னா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டணும். ஏழு வயசுக் குழந்தையைக் கூட்டிட்டுப் போனா எத்தனை நிமிஷம்னு நடந்து பாத்து எழுதுங்க, அந்த நிமிஷம்தான் உண்மையான தூரம்.

போனைத் தவிர வாங்க வேண்டிய கருவின்னா மூணு போதும். தண்ணியில கரைஞ்சிருக்குற உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது, இந்தியத் தர நிர்ணயப்படி குடிதண்ணியில லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம், வேற வழியே இல்லைன்னா 2000 வரைக்கும். டிடிஎஸ் குறைவா இருந்தா தண்ணி சுத்தம்னு அர்த்தம் இல்ல, அது உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது, அதனால கூடவே குளோரின் டெஸ்ட் கிட்டும் வாங்குங்க, குழாய்க் கடைசியில மிச்ச குளோரின் குறைஞ்சது 0.2 மில்லிகிராம் இருக்கணும். டேங்குக்குப் பக்கத்து வீட்டுல எடுக்காம லைன்ல கடைசி வீட்டுல எடுங்க. திருச்சிக்கு காவிரி, கொள்ளிடம் ஆத்துப்படுகைக் கிணறுகள்ல இருந்து தண்ணி வருது, மூலம் நல்ல மூலம்தான், வீடு வந்து சேர்றதுக்குள்ள என்ன ஆகுதுங்குறதைத்தான் அளக்கணும்.

சத்தத்துக்கு போன் ஆப்பே போதும், ஆனா எல்லா வார்டுலயும் ஒரே போன், ஒரே நேரம். அது காட்டுற டெசிபல் சரியா இருக்கணும்னு அவசியம் இல்ல, வார்டுக்கும் வார்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓரளவு சரியா இருக்கும். குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55, ராத்திரி 45ன்னு 2000ல வந்த விதி இருக்கு, பாலக்கரை, சத்திரம் பக்கம் இருக்குறவங்களுக்கு இந்த நம்பரைச் சொல்லுங்க, ஆச்சரியப்படுவாங்க. சூட்டுக்கு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரை வீட்டுக்குள்ள வச்சு ராத்திரி 10 மணிக்கு அளக்கணும். சாட்டிலைட் படம் வச்சும் பாக்கலாம், லேண்ட்சாட்ங்குற சாட்டிலைட்டோட படம் இலவசம்தான், ஆனா அது நம்ம ஊரைத் தாண்டிப் போறது முற்பகல்ல, அதுவும் கூரையோட சூட்டைத்தான் எடுக்குது. மே மாசம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழ ராத்திரி தூங்க முடியாம இருக்குற கஷ்டம் அதுல வராது.

நாத்தத்துக்கும் புகைக்கும் மீட்டர் வேண்டாம், டைரி போதும். அரியமங்கலம் பக்கம் ஒரு 20 வீட்டுல காலண்டர் குடுத்து, குப்பை எரியிற நாத்தமோ புகையோ வந்த நாள்ல ஒரு டிக், ஜன்னலை மூட வேண்டியதாப் போச்சுன்னா ரெண்டு டிக். ரெண்டு மாசம் வச்சா எந்தத் தெருவுல எத்தனை ராத்திரின்னு கையில வந்துரும். காத்து எந்தப் பக்கம் அடிச்சா எந்தத் தெருவுக்கு வருதுன்னு அங்க இருக்குறவங்களுக்கு ஏற்கெனவே தெரியும், காலண்டர்ல இருந்தாத்தான் ஆபீஸ்ல உக்காந்துருக்குறவங்களுக்குத் தெரியும்.

வீட்டுல என்ன கேக்குறது, எப்படிக் கேக்குறது

"தண்ணி சேவை திருப்தியா இருக்கா"ன்னு கேக்காதீங்க. நாலு நாளைக்கு ஒருதடவை தண்ணி வர்ற இடத்துலயும் "பரவாயில்ல தம்பி, முன்னாடிக்கு இப்ப தேவலாம்"னு சொல்லுவாங்க, தினமும் வர்ற இடத்துல ஒரு நாள் நின்னதுக்கு கோவமா இருப்பாங்க. கிடைச்சதுக்குத் தகுந்த மாதிரி ஆசையைச் சுருக்கிக்கிறது ஜனங்க இயல்பு, இதைப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் ரொம்ப அழுத்திச் சொல்லியிருக்கார். திருப்தியை மட்டும் வச்சு அளந்தா பழகிப்போன கஷ்டம் கணக்குலயே வராது. அதனால நேத்தைப் பத்திக் கேளுங்க: "நேத்து தண்ணி எத்தனை மணிக்கு வந்துச்சு? எப்ப நின்னுச்சு? எத்தனை குடம் பிடிச்சீங்க? யாரு பிடிச்சது?" குடத்தைக் கேட்டா லிட்டரா மாத்திக்கலாம், வீட்டுல எத்தனை பேருன்னு வகுத்துக்கலாம், ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டருங்குற அரசு அளவோட ஒப்பிட்டுக்கலாம். "வழக்கமா எப்படி"ன்னு கேட்டா ஜனங்க நல்ல நாளைத்தான் சொல்லுவாங்க.

கக்கூஸ் பத்திக் கேக்குறப்போ வீட்டுல இருக்கா இல்லையாங்குறதோட நிறுத்தாதீங்க. பொதுக் கழிப்பறைய மகளிர் குழுக்களே எடுத்து நடத்துறதுல திருச்சிக்குப் பல வருஷ அனுபவம் இருக்கு, அந்த மாதிரி நடக்குற இடத்துல சுத்தமா, விளக்கோட, ஆள் உக்காந்து பாத்துக்குற மாதிரி இருக்கும். அதனால ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டுறாங்க, அதுக்கப்புறம் அவசரம்னா என்ன பண்றீங்க, மாதவிலக்கு நாள்ல நாப்கின் போட இடம் இருக்கா, இதெல்லாம் கேக்கணும். இதைக் கேக்க ஆம்பளைப் பசங்களை அனுப்பக் கூடாது, கேட்டாலும் பதில் வராது.

கடைசியில மட்டும் மனசைப் பத்தி ஒண்ணு ரெண்டு கேள்வி. 0ல இருந்து 10 வரைக்கும் படி போட்ட ஏணிப் படத்தைக் காட்டி, உச்சிப் படி உங்களால நினைச்சுப் பாக்க முடிஞ்ச நல்ல வாழ்க்கை, அடிப்படி ரொம்ப மோசமானது, இப்ப எந்தப் படியில நிக்குறீங்கன்னு கேக்குற முறை உலகம் பூரா இருக்கு, ஹாட்லி கான்ட்ரில்னு ஒருத்தர் 1965ல கொண்டு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட விரலை வச்சுக் காட்டிடுவாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட 26 கேள்வி வாழ்க்கைத்தரப் படிவமும் இருக்கு, நல்ல கருவி, ஆனா வாசல்ல நின்னு கேக்குறதுக்கு நீளம். ஏணியோட கூட நான் சேக்குற ஒரு கேள்வி: "வசதி இருந்தா இந்த ஏரியாவை விட்டுப் போயிடுவீங்களா, ஏன்?" அந்த ஏனுக்கு வர்ற பதிலை அப்படியே அவங்க வார்த்தையிலயே எழுதிக்குங்க, சுருக்காதீங்க.

கவுன்சிலர் ஆளையோ கட்சிக்காரரையோ கூட கூட்டிட்டுப் போகாதீங்க, வீட்டுல பேச்சே மாறிடும். வார நாள் காலை 11 மணிக்குப் போனா வயசானவங்களும் வேலைக்குப் போகாதவங்களும்தான் இருப்பாங்க, சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் போங்க, பூட்டியிருந்தா மூணு தடவை வரைக்கும் திரும்பப் போங்க. பக்கத்து வீட்டுல முடிச்சுக்கிட்டா வேலைக்குப் போற குடும்பம் எல்லாம் விட்டுப்போயிரும். ஆதார், போன் நம்பர், பேரு எதுவும் வாங்காதீங்க, எதுக்குக் கேக்குறோம்னு சொல்லி சம்மதம் கேட்டுட்டு ஆரம்பிங்க. போன்ல கோபோடூல்பாக்ஸ்ங்குற சர்வே ஆப் போட்டுக்கிட்டா நெட்டு இல்லாம கூட பதிவாகும்.

எத்தனை வீடு போதும்

ஒரு வார்டுல கண்ணை மூடிக்கிட்டுப் பொறுக்குன 96 வீடு இருந்தா எந்தச் சதவீதக் கணக்கையும் 10 புள்ளி முன்ன பின்ன சொல்லலாம், 95 சதவீத நம்பிக்கையோட, அதாவது இப்படி 100 தடவை எடுத்தா 95 தடவை சரியா இருக்கும். 5 புள்ளிக்குக் கொண்டு வரணும்னா 384 வீடு. ஆனா நாம தெருத் தெருவாப் பொறுக்குறோம், ஒரே தெருவுல எல்லா வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே சாக்கடை, அதனால பதிலும் ஒரே மாதிரி வரும், அதுக்கு ஈடு கட்ட ஒன்றரை மடங்கு எடுத்துக்கணும். 96 பெருக்கல் ஒன்றரை 144, சரி 150ன்னு வச்சுக்குங்க. 65 வார்டுன்னா 9750 வீடு, சின்ன டீமால முடியாது. அதுக்கு வழி, ஒரே மாதிரி இருக்குற வார்டுகளைச் சேத்து ஒரு 15 குழுவாப் பிரிக்கிறது: ஸ்ரீரங்கம் திருவானைக்காவல் தீவு ஒண்ணு, மலைக்கோட்டை காந்தி மார்க்கெட் சுத்தி இருக்குற பழைய ஊர் ஒண்ணு, உறையூர் ஒண்ணு, ரயில்வே ஆளுங்க இருக்குற பொன்மலை ஒண்ணு, பிற்பாடு மாநகராட்சியில சேந்த காட்டூர் திருவெறும்பூர் பக்கம் ஒண்ணு, இப்படி. 15 பெருக்கல் 150, 2250 வீடு. ஒருத்தர் நாளைக்கு 8 வீடு உருப்படியாப் பண்ணலாம், 40 பேர் இருந்தா கிட்டத்தட்ட ஒரு வாரத்துல முடிஞ்சுரும்.

வீட்டைப் பொறுக்க வாக்காளர் பட்டியல் தெரு வாரியா கிடைக்குது, நல்ல தொடக்கம். ஆனா வாடகைக்கு வந்தவங்க, கட்டட வேலைக்கு வந்துருக்குற வடமாநிலத்துக்காரங்க, வாய்க்கா ஓரத்துல கொட்டாய் போட்டுருக்குறவங்க பல பேரு அதுல இருக்க மாட்டாங்க, வாழ்க்கைத்தரம் கீழ இருக்குறதும் அவங்களுக்குத்தான். அதனால பட்டியல்ல இருந்து தெருவை மட்டும் குலுக்கி எடுங்க, தெருவுக்குள்ள போனப்புறம் ஒரு முனையில இருந்து இத்தனாவது வீடுன்னு எண்ணிக்கிட்டுப் போங்க, பின் வீடு, மாடி வீடு, கொட்டாய் எல்லாத்தையும் எண்ணுங்க. குடிசைப்பகுதிக்கும் வாரியக் குடியிருப்புக்கும் தனியா ஒரு பங்கு ஒதுக்கிடுங்க. உய்யக்கொண்டான் வாய்க்கா ஓரமா நடந்தாலே தெரியும், ஒரே வார்டுல முன் தெருவுல கார் ஷெட்டும் பின் தெருவுல தகரக் கொட்டாயும் இருக்கும், சராசரி எடுத்தா ரெண்டு பேருமே அதுல காணாமப் போயிடுவாங்க. ஒவ்வொரு இடத்துக்கும் சராசரியோட சேத்து கடைசி அஞ்சுல ஒரு பங்கு வீட்டோட நிலைமையையும் போடுங்க. ரெண்டுக்கும் உள்ள இடைவெளிதான் என்னைப் பொறுத்தவரைக்கும் முழு சர்வேலயும் முக்கியமான நம்பர்.

மழைக்காலமும் வெயில்காலமும் வேற வேற ஊரு. கோரையாறு கரை தாண்டி 2005ல ஊருக்குள்ள தண்ணி புகுந்தது கருமண்டபம் பக்கத்து ஆளுங்களுக்கு மறக்காது, மே மாசம் மட்டும் சர்வே எடுத்தா அது சுத்தமா வராது. மே ஒண்ணு, நவம்பர் ஒண்ணு எடுங்க. மார்கழியில வைகுண்ட ஏகாதசி சமயம் ஸ்ரீரங்கத்துல எதையும் அளக்காதீங்க, அது அந்த ஏரியாவோட சாதாரண நாள் கிடையாது.

மார்க்கு போடுறது

எல்லாத்தையும் 0ல இருந்து 100க்குக் கொண்டு வரணும்னா ரெண்டு முனையை நீங்களே நிலையா வச்சுக்குங்க. பஸ் ஸ்டாப்புக்கு 5 நிமிஷம்னா 100, 30 நிமிஷம்னா 0, இப்படி. இருக்குறதுலயே நல்ல வார்டுக்கு 100, மோசமான வார்டுக்கு 0ன்னு வச்சா அடுத்த வருஷம் எல்லா வார்டுமே கெட்டுப்போனாலும் ஒருத்தருக்கு 100 வந்துரும். ஐநாவோட மனித வளர்ச்சிக் குறியீட்டுல ஆயுளுக்கு 20 வயசு, 85 வயசுன்னு நிலையா வச்சிருக்குறது அதுக்குத்தான்.

அடுத்து சேக்குறது. தண்ணி 90, பஸ் 90, பாதுகாப்பு 10ன்னு ஒரு ஏரியா, மூணுமே 63, 63, 64ன்னு இன்னொரு ஏரியா. கூட்டி மூணால வகுத்தா ரெண்டுக்கும் 63.3. ராத்திரி பொண்ணுங்க வெளிய வர முடியாத ஏரியாவும் எல்லாம் சுமாரா இருக்குற ஏரியாவும் ஒண்ணுன்னு சொல்றது நியாயமே இல்ல. பெருக்கி கனமூலம் எடுத்தா முதல் ஏரியாவுக்கு 43 வரும், ரெண்டாவதுக்கு 63தான். மனித வளர்ச்சிக் குறியீடும் 2010ல இந்தப் பெருக்கல் முறைக்குத்தான் மாறுச்சு. எக்செல்ல ஜியோமீன்னு அடிச்சா முடிஞ்சுது, ஆனா எதுலயாவது 0 இருந்தா அது ஓடாது, அதனால கீழ் முனையை 1ன்னு வச்சுக்குங்க.

எதுக்கு எவ்வளவு முக்கியத்துவம்னு எடை போடுறதுல நான் சொல்றது, ஜனங்களையே கேளுங்க. ஒவ்வொரு வீட்டுலயும் 10 புளியங்கொட்டையைக் குடுத்து தண்ணி, கக்கூஸ், பஸ், பாதுகாப்பு, சுத்தம்னு எழுதின அட்டை மேல எது முக்கியமோ அதுல அதிகமா வைக்கச் சொல்லுங்க. ஆம்பளைங்க வைக்கிறதும் பொம்பளைங்க வைக்கிறதும் வேறயா இருக்கும், ரெண்டையும் தனித்தனியா வச்சு கணக்குப் போட்டு, எந்த எடை போட்டாலும் கீழயே இருக்குற ஏரியா எதுன்னு பாருங்க, அங்க எடையைப் பத்தின சண்டைக்கே இடம் இல்ல.

1, 2, 3ன்னு ரேங்க் மட்டும் போட்றாதீங்க. 10 புள்ளி முன்ன பின்னன்னு சொன்னேன், ரெண்டு ஏரியாவை ஒப்பிட்டா அது 14 புள்ளி ஆயிடும், அதனால 62 வாங்குனதும் 68 வாங்குனதும் வேற வேறன்னு சொல்லவே முடியாது. மேல, நடுவுல, கீழன்னு மூணு கலர் போதும். ரேங்க் போட்டா பேப்பர்ல "மோசமான ஏரியா"ன்னு பேரோட வரும், அங்க இருக்குற புள்ளைக்கு வேலைக்கு அப்ளிகேஷன்ல அட்ரஸ் எழுதவே கூச்சமாயிடும், வாடகை வீட்டுக்காரருக்கும் லோன் குடுக்குறவங்களுக்கும் ஒரு சாக்கு கிடைச்சுரும்.

யார்கிட்ட குடுக்குறது

ஏரியாவுக்கு ஒரு பக்கம், பெரிய எழுத்துல, தமிழ்ல. மேல நிமிஷக் கணக்கு, நடுவுல மேப்புல இருட்டுச் சந்தும் சாக்கடை நிக்கிற இடமும், கீழ ஜனங்க சொன்ன வார்த்தை நாலு வரி. முதல்ல கேள்வி கேட்ட தெருவுலயே ஒட்டி, படிச்சுக் காட்டி, தப்பு இருந்தா திருத்தச் சொல்லுங்க. அப்புறம் பகுதி சபைக் கூட்டத்துல வைங்க, மாநகராட்சி பட்ஜெட்டுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே கமிஷனர், மேயர் ஆபீசுக்குக் குடுத்து ரசீது வாங்கிக்குங்க. பெங்களூருல 1994ல சாமுவேல் பால் ஆரம்பிச்ச குடிமக்கள் மதிப்பெண் அட்டை அப்படித்தான் வேலை செஞ்சுது, தண்ணி வாரியம், மின் வாரியம், மாநகராட்சின்னு ஒவ்வொண்ணுக்கும் ஜனங்க குடுத்த மார்க்கை வெளியிட்டாங்க, 1999லயும் 2003லயும் திரும்ப அளந்தாங்க, திரும்ப அளந்ததாலதான் யாரு முன்னேறுனாங்க யாரு முன்னேறலைன்னு பேச முடிஞ்சுது.

ஒரு தெருவுல 10 வீட்டுக்குக் குறைவா பதில் இருந்தா அந்தத் தெருப் பேரை வெளியிடாதீங்க, யாரு சொன்னாங்கன்னு கண்டுபிடிச்சுருவாங்க. கேள்வித்தாள், குலுக்கி எடுத்த தெருப் பட்டியல், முனை எது எதுன்னு வச்ச அளவு, எந்த மாசம் எந்த நேரம் போனீங்க, எந்த போன்ல சத்தம் அளந்தீங்க, எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல எழுதி ரெண்டு இடத்துல சேத்து வைங்க, என்எஸ்எஸ் பசங்க படிச்சு முடிச்சுட்டுப் போயிருவாங்க, அடுத்த மே மாசம் வர்ற பேட்ச்சு அதே தெருவுல அதே கேள்வியோட ஆரம்பிக்கணும்.